உருகின பிளக்கும் கூறைச் சேலையும்

எங்கள் கணினிப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, போன மாதம் ஒரு பெட்டி வாய்ப்பன் பலகாரத்தோடு நான் உங்களைப் பார்க்க வந்தபோது இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். முதலாவது, எங்கள் ஷெஃப், அதுதான் பட்டறைப் பொறுப்பாளர், போர்த்துக்கல்காரர், தமிழில் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாதவர், நீங்கள் பிளக் பூட்டும்போது மட்டும் ஏன் பின்னால் வந்து நின்று "அமுக்கு" என்று தமிழில் சத்தம் போடுகிறார்? இரண்டாவது, கோப்பி மெஷினுக்கு மேலே தொங்கும் படத்தில் அவர் வேட்டி கட்டிக்கொண்டு, இடுப்பை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி ஏன் அப்படி விழி பிதுங்க நிற்கிறார்? நான் சிரித்துவிட்டு, எழுதித் தருகிறேன் என்றேன். வாயால் சொன்னால் என் பிழை வரும் இடத்தில் கதையை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

தமிழில்தான் எழுதுகிறேன். சுவிஸில் நொஷாட்டலில் பிறந்து பிரெஞ்சில் கனவு காணும் ஆட்கள் நீங்கள். வாசிக்கக் கஷ்டமென்றால் அம்மாவிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். நீங்கள் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள் என்று அந்த மனுசிக்கும் ஒருக்கா விளங்கட்டும்.

நான் இந்த வேலைக்கு வந்தது நேர் வழியில் அல்ல. அதற்கு முதல் பதினெட்டு வருடம் லா ஷோ-து-ஃபோனில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் இருந்தேன். கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் சாவணம் என்ற சின்ன இடுக்கி, மேசையில் மயிரை விட மெல்லிய சுருள்கள். அங்கே எனக்கு வேலை பழக்கிய பெண்மணி அதிகம் கதைக்கமாட்டார். ஒரு சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காமல் அடம்பிடித்தால், நான் மெல்ல அழுத்தப் பார்ப்பேன். உடனே சாவணத்தால் என் விரலில் ஒரு தட்டு விழும். தடுத்தால் நில். அவர் எனக்குத் தந்த முழுப் படிப்பும் இந்த இரண்டு சொல்தான். முதல் வருடம் என் விரல் எப்போதும் சிவந்துதான் இருந்தது. இரண்டாம் வருடம் விரல் தானாக நிற்கப் பழகிவிட்டது. பிறகு பதினாறு வருடம் நான் ஒரு துண்டைக்கூட உடைக்கவில்லை.

அந்தக் கைக்காகத்தான் எங்கள் முதலாளி என்னை இங்கே எடுத்தார். வீடியோப் படம் வெட்டுகிறவர்கள், கட்டடம் வரைகிறவர்கள், கணினி விளையாட்டுப் பைத்தியங்கள் ஆகியோருக்குப் பெரிய கணினிகளைப் பூட்டிக் கொடுக்கும் வேலை. வாடிக்கையாளர்கள் வந்தால் முதலாளி என்னை எழுப்பி, இவருடைய கையைப் பாருங்கள், கடிகாரம் செய்த கை என்பார். நானும் கையை நீட்டிக் காட்டுவேன். என் தலைக்கனத்தை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும்.

ஒரு வழக்கத்தையும் நான்தான் இங்கே கொண்டுவந்தேன். கடிகாரம் திருத்துகிறவர்கள் மூடிக்கு உள்பக்கம் தங்கள் அடையாளத்தைச் சின்னதாகக் கீறி வைப்பார்கள். பிறகு திறக்கிறவருக்கு யார் கை பட்டது என்று தெரியும். அதேபோல நாங்களும் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டில், உள்ளே, மைப் பேனையால் ஒரு பொட்டு வைக்கத் தொடங்கினோம். ஆளுக்கொரு நிறம். நான் சிவப்பு. வேறு நிறம் எனக்குத் தோன்றவே இல்லை.

இனி அந்தப் பிளக். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். கணினியில் படத்தை உண்டாக்கும் கிராஃபிக் கார்டில் செருகுவது. அதற்குள்ளே பன்னிரண்டு ஊசிகள் வழியாக ஒரு ரைஸ் குக்கரை ஓட்டக்கூடிய மின்சாரம் போகும். ரைஸ் குக்கரின் வயரை நினைத்துப் பாருங்கள், பிறகு இந்தப் பிளக்கைப் பாருங்கள். அடிவரை உள்ளே போயிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு நகக் கனம் வெளியே நின்றால் ஊசிகள் நுனியில் மட்டும் தொடும், தொடும் இடம் சுடும், பிளாஸ்டிக் உருகும். இப்போது உங்கள் கைக்கு வருகிற கார்டுகள் பல, பிளக் முழுக்கப் போகாவிட்டால் வேலை செய்யவே மாட்டா. முதலில் வந்தவை அப்படியில்லை. அரைகுறையாகச் செருகினாலும் லைட் எல்லாம் எரிந்து, காற்றாடி சுற்றி, நல்ல பிள்ளை மாதிரி ஓடும். மாதக்கணக்கில் ஓடும்.

அந்தக் காலத்தில்தான் போர்த்துக்கல்காரர் சேர்ந்தார். அவர் பெயரை எழுதப்போவதில்லை, உங்களுக்குத் தெரியும். அதற்கு முதல் வீடுகளில் தண்ணீர்க் குழாய் பூட்டினவர். கட்டைவிரல் ஒவ்வொன்றும் கப்பல் வாழைப்பழத் தடிப்பு. ஒரு பிளக்கை எடுத்தால் கட்டைவிரலை வைத்து "டக்" என்று சத்தம் வரும்வரை அமத்துவார். பிறகு பிடித்து ஒருக்கா இழுத்துப் பார்ப்பார். அந்த "டக்" கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். இது மனிசன் செய்கிற வேலையோ, மாடு செய்கிற வேலையோ என்று வாய்க்குள் முணுமுணுப்பேன். அவருடைய பொட்டு நீலம். அவர் பூட்டிய பெட்டியை நான் கடந்துபோகும்போது கண்ணைத் திருப்பிக்கொள்வேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு கிராஃபிக் கார்டும் அதன் வயரும். பெட்டியை அனுப்பாமல் இவற்றை மட்டும் வாடிக்கையாளர் கழற்றி அனுப்பியிருந்தார். பிளக்கின் ஒரு மூலை பழுப்பாகி, அடுப்புக்குப் பக்கத்தில் மறந்து வைத்த பிளாஸ்டிக் அகப்பை மாதிரி வளைந்திருந்தது. முதலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு, யார் பூட்டியது என்று கேட்டார். எங்களுக்குக் கடதாசியில் எழுதும் பழக்கம் இல்லை. பொட்டுத்தான் சாட்சி. பொட்டு வைத்த பெட்டியோ வாடிக்கையாளர் வீட்டில் இருந்தது.

கொஞ்சம் பொறுத்து, அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்லச் சொல்வோம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போர்த்துக்கல்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இது அந்தக் கட்டைவிரலின் வேலை, முரட்டுக் கையால் அமத்தினால் இப்படித்தான் நடக்கும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவருடைய சோதனைக் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. முதலாளி பெருமூச்சு விட்டு, திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்று சொல்லப்போவதாகச் சொன்னார். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தது எனக்குத் தெரியும். அன்றிரவு நான் நன்றாகத்தான் நித்திரை கொண்டேன்.

சனிக்கிழமை ஒரு கலியாணம். மணமகள் எங்கள் மேல்மாடியில் தனியாக இருந்த பிள்ளை. அகதியாக வந்து, விசா எடுத்து, பேர்ணில் வைத்தியசாலை வேலை எடுத்து, அங்கேயே ஒரு நல்ல பொடியனையும் கண்டுபிடித்துவிட்டாள். தாய் யாழ்ப்பாணத்தில். தாயும் மகளும் நேரில் பார்த்துப் பதினொரு வருடம். கலியாணத்துக்கு வர அந்த அம்மா இரண்டு தரம் விசாவுக்குப் போட்டார், இரண்டு தரமும் இல்லையென்றுவிட்டார்கள். அதனால் கலியாணத்தை நேரடியாக ஒளிபரப்பி அம்மாவுக்குக் காட்டுவதென்று முடிவானது. அங்கே அயல் வீட்டுக்காரர்கள் பெரிய டிவி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, கதிரை போட்டு, அம்மாவுக்குப் பட்டுச் சேலையும் உடுத்தி இருத்தியிருந்தார்கள்.

ஒளிபரப்பு செய்தவர் பேர்ணில் பெயர்பெற்ற வீடியோக்காரத் தம்பி. அவருடைய கணினி எங்கள் பட்டறையில் பூட்டியது, என் சிபாரிசில் வாங்கியது. மண்டபம் பேர்ணுக்குப் பக்கத்து ஊரொன்றில், பாதி நிலத்துக்குக் கீழே, சுற்றிவரக் கொங்கிரீட். போனில் குரல் போகும், படம் போகாது. இன்டர்நெட் ஒரே ஒரு வயரில், அதுவும் அந்தக் கணினிக்கு. மணவறைக்குப் பக்கத்தில், அந்தக் கணினியோடு தொடுத்திருந்த ஒரு மடிக்கணினியில் அம்மாவின் முகம் தெரிந்தது. தொடங்க முதல் நான் போய்க் கும்பிட்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எனக்கு வேற ஒண்டும் வேண்டாம் பிள்ளை. தாலி கட்டுறதை மட்டும் பாத்திட்டனெண்டால் காணும்."

ஐயர் மந்திரம் சொல்ல, ஓமம் எரிய, பக்கத்தில் ஹவுஸ்வார்ட் தீயணைப்பு உருளையை மடியில் வைத்தபடி இருந்தார். ஹவுஸ்வார்ட் என்றால் மண்டபத்துக்குப் பொறுப்பான ஆள். நெருப்புக்கு அனுமதி தந்தவரும் அவர்தான், ஒவ்வொரு கரண்டி நெய்க்கும் முகம் வெளிறினவரும் அவர்தான். நெய், கற்பூரம், சாம்பிராணி, மல்லிகை, பின்பக்கம் பொரியும் ரோல்ஸ் என்று மண்டபம் முழுக்க மணம். நான் நாலாம் வரிசையில் இருந்து ஒரு பெண்ணோடு ஊர்வம்பு கதைத்துக்கொண்டிருந்தேன். பாதியில் என் வாய் நின்றுவிட்டது. அத்தனை மணத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய மணம் வந்தது. சூடான பிளாஸ்டிக்.

எழும்பி வீடியோக்காரத் தம்பியின் மேசைக்குப் போனேன். கிட்டப் போகப் போக மணம் கூடியது. அவரோ மூன்று கமெரா, முகம் பளபளக்க ஒரு மினுக்கல், படத்துக்கு மேலே பூமழை என்று ஓடவிட்டு, அது காணாதென்று இரவுச் சாப்பாட்டின்போது போட்டுக் காட்டுவதற்கான சிறப்புப் படத்தையும் அதே நேரம் தயாரித்துக்கொண்டிருந்தார். அத்தனையும் அந்த ஒரு கார்டின் தலையில். காற்றாடிகள் அலறின. ஒண்டுமில்லை அன்ரி, இண்டைக்குக் கொஞ்சம் வேலை கூட என்றார். சொல்லி வாய் மூடவில்லை, திரை ஒரு கணம் இருண்டு திரும்ப வந்தது. மணவறைப் பக்கமிருந்து, படம் போச்சுது, படம் போச்சுது என்று அம்மாவின் குரல் கேட்டது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். உடனே நிப்பாட்டினால் தாலி கட்டும்வரை திரும்ப எழும்புமோ தெரியாது. நிப்பாட்டாவிட்டால் புகை வரும், மண்டப அலாரம் அடிக்கும், ஹவுஸ்வார்ட் காத்திருந்த நிமிடம் வந்துவிடும், கலியாணமே வெளியே கார் நிறுத்துமிடத்தில்தான்.  பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யத்தான் மனம் வரும். ஒன்றை மட்டும் செய்தேன். சுமையை இறக்கினேன். சிறப்புப் படத்தை நிப்பாட்டச் சொன்னேன். பூமழை, மினுக்கல், இரண்டு கமெரா, எல்லாவற்றையும் நிப்பாட்டச் சொன்னேன். பூமழை நின்றால் மாப்பிள்ளை வீட்டார் தன்னைத் தின்றுபோடுவார்கள் என்றார் தம்பி. தின்னட்டும் என்றேன். ஒரு நிமிடத்தில் காற்றாடிகள் அடங்கின. மணம் கூடவில்லை.

அடுத்தது நேரம். எங்கள் கலியாணங்களில் கடவுளாகப் பார்த்து ஒரு இடைவேளை வைத்திருக்கிறார். கூறையைக் கையில் கொடுத்ததும் பெண் உள்ளே போய் அதை உடுத்திக்கொண்டு வரவேண்டும். அதன் பிறகுதான் தாலி. வழக்கத்தில் அரை மணித்தியாலம் இழுபடும், ஆட்களெல்லாம் கொட்டாவி விடுவார்கள். அந்த நேரத்துக்குள் நிப்பாட்டி, திறந்து, பார்த்து, பூட்டி, எழுப்பவேண்டும். மடிக்கணினிக்கு முன்னால் போய் அம்மாவிடம், கூறை மாற்றும்போது படம் நிற்கும், பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். தாலி கட்ட முதல் வந்துவிடுமோ என்று கேட்டார். வரும் என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் அன்று சேலை கட்ட வந்திருந்த பெண் பெரிய கெட்டிக்காரி, பத்து நிமிடத்தில் கட்டி அனுப்பிவிடுவார் என்று யாரோ பெருமையாகச் சொன்னார்கள். நான் உடுப்பு மாற்றும் அறைக்கு ஓடினேன். மெல்லமாகக் கட்டுங்கள், கொசுவத்தை இரண்டு தரம் மடியுங்கள் என்று கேட்டேன். எல்லாரும் கெதியாகக் கட்டு என்றுதான் சொல்வார்கள், இப்படி ஒரு ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார் அவர். மணப்பெண் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அம்மாவுக்குப் படம் வராதோ, அன்ரி?"

நான் மறைக்கவில்லை, உள்ளதைச் சொன்னேன். அவள் ஊசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்ப நீங்கள் கை காட்டுமட்டும் நான் இந்தக் கதவால வெளியில வரமாட்டன். ஐயர் வந்து கூப்பிட்டாலும் வரமாட்டன்."

கணினியை நிப்பாட்டி, சுவரிலிருந்து வயரைக் கழற்றி, பக்கத் தகட்டின் திருகாணிகளைத் திறந்தேன். திறக்கும்போதே மனதுக்குள் போர்த்துக்கல்காரருக்கு அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை முதலாளியிடம் இதையும் சொல்லவேண்டும், நான் அன்றைக்கே சொன்னேனே என்று தொடங்கவேண்டும் என்றெல்லாம் வசனம் தயார். தகட்டைத் திருப்பினேன். உள்ளே ஒரு பொட்டு. சிவப்பு.

சுற்றி நின்றவர்களுக்கு அது ஒரு மைப் புள்ளி. எனக்குக் காது இரண்டும் சுட்டது. இப்படி ஒரு வெட்கத்தை நான் வாழ்க்கையில் பட்டதில்லை. கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் கடிகாரப் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டிப் பார்த்தேன். பிளக்குக்கும் கார்டுக்கும் நடுவில் ஒரு நகக் கனத்துக்கு இடைவெளி. இவ்வளவு மரியாதையாக, இவ்வளவு மெல்ல, இடையில் நின்ற பிளக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தடுத்த இடத்தில் என் விரல் நின்றிருக்கிறது. பதினெட்டு வருடம் பழக்கிய விரல்.

பிளக்கை முழுக்க வெளியே எடுத்து ஒவ்வொரு ஊசியாகப் பார்த்தேன். சூட்டில் மணத்திருந்ததே தவிர, உருகவில்லை, நிறம் மாறவில்லை, ஊசி வளையவில்லை. ஒரு துளி பழுப்பு இருந்திருந்தால்கூட அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேனே தவிர அதைத் திரும்பச் செருகியிருக்கமாட்டேன். இதை ஒருக்கா அடிக்கோடு போட்டு வாசியுங்கள்.

இனிச் செருக வேண்டும். செருகினேன். தடுத்தது. விரல் நின்றது. திரும்பச் செருகினேன். திரும்ப நின்றது. அமத்து என்று மூளை சொல்கிறது, விரல் கேட்கவில்லை. தம்பியைச் செய்யச் சொல்லலாமென்றால் அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். மூன்றாம் தரமும் நின்றபோது, வேறு வழியில்லாமல் போர்த்துக்கல்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் வீட்டு முற்றத்தில் மீன் சுட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் கதைப்பது பிரெஞ்சில், இரண்டு பேருடைய பிரெஞ்சும் நொண்டி. நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன நிறப் பொட்டு என்பதுதான். சிவப்பு என்றேன். மீனைப் பார்த்துக்கொள்ள மனைவியைக் கூப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

"வியாழக்கிழமை நீ முதலாளியிட்டை என்ன சொன்னனீ எண்டு பட்டறைப் பொடியள் எனக்குச் சொல்லிப்போட்டாங்கள். அந்தச் சண்டையைத் திங்கக்கிழமை பிடிப்பம். இப்ப அமுக்கு."

 பிரெஞ்சு தெரியாத தம்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். அமுக்கு என்கிறார் என்றேன். அப்ப அமுக்குங்கோவன் அன்ரி என்றார் தம்பி. பின்னால் நின்ற மாப்பிள்ளையின் மாமாவும் அமுக்குங்கோ என்றார். ஹவுஸ்வார்ட் உருளையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். போனில் அந்த மனிதர், இவர்களெல்லாம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, தானும் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டார். அமுக்கு, அமுக்கு என்று நொஷாட்டலில் இருந்து ஒரு குரல். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. விரல் நிற்குது, நான் என்ன செய்ய என்று கேட்டேன்.

"விரலை விடு, கட்டைவிரலை வை. தடுக்கிற இடத்தில வேலை முடியேல்லை. அங்கைதான் தொடங்குது."

கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை வைத்து அமத்தினேன். ஏதோ உடையப்போகிறது என்று உடம்பெல்லாம் கூசியது. டக். இழுத்துப் பார் என்றார். இழுத்தேன். வரவில்லை. கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன், இடைவெளி இல்லை.

கணினி எழும்ப எடுத்த அந்த இரண்டு நிமிடம்தான் என் வேலைக் காலத்திலேயே நீளமான நேரம். ஐயர் மணிக்கூட்டைக் காட்டிக் காட்டி, முகூர்த்தம் போகுது என்றார். கதவடியில் கூறைச் சேலையோடு பெண் சிலை மாதிரி நின்றாள். தோழி தள்ளிப் பார்த்தும் அசையவில்லை. மடிக்கணினியில் முதலில் ஒரு சுவர் தெரிந்தது, பிறகு பட்டுச் சேலை, பிறகு அம்மாவின் முகம். தெரியுது என்றார். நான் கையை உயர்த்தினேன்.

பூமழை இல்லை, மினுக்கல் இல்லை. ஒரே ஒரு கமெரா, உள்ள முகத்தை உள்ளபடி காட்டியது. கெட்டிமேளம் முழங்க மாப்பிள்ளை தாலி கட்டினார். மேளம் ஓய்ந்ததும் அம்மாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. யாருக்கும் சொல்லவில்லை, தனக்குத் தானே சொன்னார்.

"சைக்கிளால விழுந்த தழும்பு. நாடியில அப்பிடியே இருக்கு என்ரை பிள்ளைக்கு."

அந்த மினுக்கல் ஓடியிருந்தால் முதலில் அழிந்திருப்பது முகவாயில் இருந்த அந்தத் தழும்புதான். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். நான் ஒளிக்காமல் அழுதேன். ஹவுஸ்வார்டுக்கு ஒரு சொல் விளங்காவிட்டாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன் இன்னும் மேசையில் திறந்தபடியே கிடந்திருக்கிறது. அதற்குள்ளிருந்து, பிளக் கழராமல் நிற்குதோ, நிற்குதோ என்று பிரெஞ்சில் ஒரு குரல். கலியாண வீடியோவில் அது அப்படியே பதிந்துவிட்டது. தம்பி அதை வெட்டவே இல்லை.

திங்கட்கிழமை வாசல் திறக்க முதலே நான் பட்டறையில் நின்றேன். முதலாளி அவரைக் கூப்பிட முதல், இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துச் சொன்னேன். வியாழக்கிழமை நான் சொன்னது தெரியாமல் சொன்னது. கலியாண வீட்டுப் பெட்டியில் என் பொட்டு. பார்சல் அனுப்பியவருக்குப் போன் பண்ணித் தகட்டைத் திறந்து பார்க்கச் சொன்னோம். அங்கேயும் சிவப்பு. முதலாளி என் கையை ஒருக்கா பார்த்தார். போர்த்துக்கல்காரரை வேலையில் வைத்துக்கொள்ளும் கடிதத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அவர் ஷெஃப் ஆனது பிறகு.

சொன்னபடி சண்டையும் நடந்தது, கோப்பி மெஷினுக்கு முன்னால். நீண்ட சண்டை இல்லை. நீ என் வேலையைப் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டாய் என்றார்.  மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்கும் சேர்த்து ஒரு கோப்பி போட்டார்.

அதன் பிறகு இரண்டு கிழமை, அந்தப் பிளக்கோடு நான் பூட்டிக் கொடுத்த பெட்டி ஒவ்வொன்றையும் தேடி அவருடைய வான் வண்டியில் போனோம். நான் கண்ணாடியை மாட்டிப் பார்ப்பேன், அவர் அமத்துவார். இன்னும் மூன்று பெட்டிகளில் நகக் கனம் இடைவெளி இருந்தது. வழியில் அவருடைய மனைவி கட்டித் தந்த மீனும் என்னுடைய புட்டும் சாப்பிட்டோம். என் வேலைக் காலத்தில் அவ்வளவு சிரித்த இரண்டு கிழமை வேறில்லை. நீங்கள் இப்போது பிளக்கை அமத்தி, இழுத்துப் பார்த்து, பாதி பிளக்கிலும் பாதி கார்டிலும் படும்படி பொட்டு வைக்கிறீர்களே, பொட்டு வட்டமாக இருந்தால் பிளக் அசையவில்லை என்று அர்த்தம், அந்த யோசனை வானுக்குள் வந்தது. யாருடையது என்று இன்றும் நாங்கள் சண்டை பிடிக்கிறோம். என்னுடையது.

வேட்டிக் கதை மிச்சம். வீடியோவில் கேட்ட அந்தக் குரல் யாருடையது என்று யாழ்ப்பாணத்து அம்மா கேட்டார். சொன்னோம். ஊருக்குப் போய் வந்த ஒருவரிடம் போர்த்துக்கல்காரருக்கென்று ஒரு சரிகைக் கரை வேட்டி கொடுத்துவிட்டார். வருட முடிவில் பட்டறை விருந்தன்று எல்லாருக்கும் முன்னால் நான்தான் அதை அவருக்குக் கட்டிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் குனிந்து இடுப்பைப் பார்த்தார்.

"டக் எண்டு ஒரு சத்தமும் கேக்கேல்லையே. நிக்குமோ?"

"ஒருக்கா இழுத்துப் பாக்கட்டோ?" என்று கேட்டேன்.

அந்தக் கணத்தில் எடுத்ததுதான் நீங்கள் பார்க்கும் படம். அதன் ஒரு பிரதி யாழ்ப்பாணத்தில் அம்மாவின் வீட்டு அலமாரியில், மகளின் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, இவர்தான் எனக்குத் தாலி கட்டுறதைக் காட்டின பொடியன் என்று சொல்லுவாராம். நாளைக்கு அந்தப் பொடியன் உங்கள் பின்னால் வந்து நின்று "அமுக்கு" என்றால் முகத்தைச் சுளிக்காமல் அமுக்குங்கள். பிறகு ஒருக்கா இழுத்துப் பாருங்கள். வேட்டியை மட்டும் இழுக்க வேண்டாம்.